எங்களுக்கு மைதானம் தந்தவர்களுக்கு

கீழவாசல், காமராஜர் சாலை, தெப்பக்குளம், அனுப்பானடி, ஐராவதநல்லூர், விரகனூர் மக்கள் அனைவருக்கும் எங்கள் கால்பந்துக் கழகத்தின் வணக்கம்.

விரகனூர்ப் பக்கத்து மைதானத்தில் எங்கள் முதல் பருவம் முடிந்துவிட்டது. திறப்பு நாளன்று மேடையில் இருந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதிலேயே நேரம் போய்விட்டது. மேடைக்கு வராமல் வெயிலில் நின்று வேலை செய்தவர்களுக்கு அன்று ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இந்த மடல். பெயரைப் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறேன். படிக்கும்போது அது தாம்தான் என்று அவரவருக்குத் தெரியும்.

எங்கள் கழகத்துக்கென்று ஒரு சென்ட் நிலம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இன்றும் இல்லை. நாங்கள் ஆடிய இடமெல்லாம் இன்னொருவர் மனம் வைத்து விட்டுக்கொடுத்த இடம். எங்கள் கழகத்தின் வரலாற்றை எழுதச் சொன்னால், கோல் அடித்தவர்களின் பட்டியலுக்கு முன்னால் இடம் விட்டவர்களின் பட்டியலைத்தான் எழுதுவேன்.

அதில் முதல் இடம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு. 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். ஏறத்தாழ 1000 அடி நீளம், 950 அடி அகலம், நடுவில் மைய மண்டபம். தண்ணீர் இல்லாமல் அது வறண்டு கிடந்த ஆண்டுகளில் மதுரைப் பையன்களில் பாதிப் பேர் அதற்குள்தான் விளையாடினார்கள். பெரும்பாலும் கிரிக்கெட். மைய மண்டபத்துக்கும் தென்கரைப் படிக்கட்டுக்கும் நடுவே ஒரு துண்டு நிலத்தை மட்டும் கால்பந்துக்கென்று எங்கள் முன்னோடிகள் பிடித்து வைத்திருந்தார்கள். கோயில் குளத்தின் தரையைத் தோண்டிக் கம்பம் நடக்கூடாது என்பது கரையில் இருந்த பெரியவர்கள் விதித்த ஒரே கட்டுப்பாடு. அதனால் காலிப் பெயிண்ட் டப்பாக்களில் சிமெண்டு நிரப்பி, அதில் மூங்கிலைச் செருகிக் கோல் கம்பமாக நிறுத்தினார்கள். ஆட்டம் முடிந்ததும் கம்பங்களைத் தூக்கி வந்து கரையோரத்து டீக்கடையின் பின்புறம் சாத்திவிட்டுப் போவார்கள். அந்த டீக்கடைக்காரர் வாடகை கேட்டதே இல்லை. அவருக்கு எங்கள் முதல் நன்றி.

குளத்தின் கருங்கற்படிகள்தாம் எங்கள் கேலரி. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மாலைக் காற்றுக்கு அங்கே வந்து உட்காருவார்கள். அவர்களோடு உட்கார்ந்திருந்த ரயில்வே ஊழியர் ஒருவர், அரசரடி ரயில்வே மைதானத்தில் ஆடி வளர்ந்தவர், ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தார். பிறகு கடைசிவரை எங்கள் பயிற்சியாளராக இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராகத் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ் அடித்த கோலைப் பற்றி அவர் சொல்லாத வாரமே கிடையாது. இந்தியா அதற்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. ஆகவே ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசிக் கோல் இன்றுவரை ஒரு தமிழருடையது. படிக்கட்டில் உட்கார்ந்து அதைக் கேட்ட பையன்கள் இன்று தங்கள் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அழைத்து வருகிறார்கள். ஐயா இப்போது இல்லை. அவருடைய விசிலையும், ஆட்ட விதிகளைக் கைப்பட எழுதி வைத்திருந்த நோட்டுகளையும் எங்களிடமே ஒப்படைத்த அவர் குடும்பத்தாருக்குத் தலைவணங்குகிறோம்.

தைப்பூசத்தன்று அம்மனும் சுவாமியும் தெப்பக்குளத்துக்கு எழுந்தருளுவார்கள். தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் தெப்பம் மிதக்காது. நிலைத் தெப்பமாகவே திருவிழா நடக்கும். அதற்கு முன்பு குளத்தின் தரையில் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளையும் குப்பையையும் எங்கள் பையன்கள் பொறுக்கிச் சுத்தம் செய்வார்கள். பிறகு பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து குளம் நிறைந்தது. எங்கள் மைதானம் மூழ்கியது. சின்னப் பையன்கள் சிலர் அழுதார்கள். அவர்களுடைய பாட்டிகள் கரையில் கைகூப்பி நின்றார்கள். பாட்டிகள் பக்கம்தான் நியாயம் இருந்தது. சுற்றியுள்ள தெருக்களில் கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் நீர் ஏறியது, தெப்பம் மீண்டும் மிதந்தது. அந்தத் தண்ணீரைக் கொண்டுவரப் பாடுபட்ட ஒவ்வொருவருக்கும், எங்கள் மைதானத்தை இழக்கச் செய்ததற்காகவே, முழு மனத்தோடு நன்றி சொல்கிறோம். குளம் குளமாக இருப்பதுதான் அழகு.

அதன்பின் அலைந்தோம். வைகை மணலில் ஆடினோம். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் பயிற்சி கிடையாது. கல்லூரி மைதானங்களில் ஞாயிற்றுக்கிழமை இடம் கொடுத்தார்கள். வாடகைக்குப் பிடித்த ஓர் இடம் பாதிப் பருவத்தில் கைமாறிப் போனது. அணி கலைந்துவிடும் என்று பலரும் சொன்ன காலம் அது. அப்போது பூட்ஸ் பையோடு வாராவாரம் வந்து நின்ற ஆட்டக்காரர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

இனி, இப்போதைய மைதானம். விரகனூருக்கு அப்பால், ரிங் ரோட்டிலிருந்து உள்ளே போகும் பாதையில் ஒரு விவசாயக் குடும்பத்தின் இரண்டு ஏக்கர் புஞ்சை. நாற்புறமும் நிலங்கள் மனையாகிக்கொண்டிருக்கின்றன. தரகர்கள் அந்த வீட்டுத் திண்ணையில் வந்து உட்காராத நாளில்லை. அப்படிப்பட்ட நிலத்தைப் பிள்ளைகள் விளையாடட்டும் என்று தருவதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! எழுதிக் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. "நாளைக்கு எங்கள் பிள்ளைகள் மனசு மாறினால் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?" என்று அந்த வீட்டு அம்மாவே கேட்டு, முத்திரைத்தாள் வாங்கிவரச் சொன்னார். வாடகை வாங்க மறுத்துவிட்டார்கள். கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நிலம் முழுக்கச் சீமைக்கருவேலம். அதை வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டை இருந்தால் மறுபடி துளிர்க்கும். சிவகங்கைப் பக்கத்துக் கரிமூட்டத் தொழிலாளர்கள் மரத்தை வெட்டி எடுத்துக்கொண்டு அதற்கு விலையும் கொடுத்தார்கள். அந்தப் பணம்தான் வேர் தோண்ட வந்த ஜேசிபியின் டீசலுக்கு ஆனது. ஓட்டுநர் தம் கூலியை வாங்கவில்லை. மண்ணில் புதைந்திருந்த முள்ளைப் பொறுக்க அனுப்பானடித் தெருக்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தீர்கள். ஒரு முள் போதும், பந்து போய்விடும். அப்படியும் தப்பிய முட்கள் குத்திய பந்துகளுக்குப் பிளாடர் மாற்றி, விட்டுப்போன தையலை மறுபடி போட்டுத் தரும் விளக்குத்தூண் பக்கத்துச் செருப்புத் தைக்கும் அண்ணனுக்கும் நன்றி.

கொத்தனாரைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும். ஆடுகளம் 100 மீட்டருக்கு 64 மீட்டர் என்று சொன்னோம். அவர் கால்பந்து பார்த்ததில்லை. ஆனால் மூலைமட்டம் தெரிந்தவர். மூன்று, நான்கு, ஐந்து என்று கயிற்றில் முடிச்சிட்டு ஒவ்வொரு மூலையையும் சதுரித்தார். பிறகு மூலைக்கு மூலை நூல் பிடித்தார். இரண்டு மூலைவிட்டங்களும் 118 மீட்டர் 73 சென்டிமீட்டருக்கு வரும்வரை முளைக்குச்சியைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டார். மழைத்தண்ணீர் நான்கு பக்கமும் ஓடிவிட வேண்டும் என்று நடுவை மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு உயர்த்தச் சொன்னவரும் அவரே. ஐப்பசி மழையில் சுற்றியுள்ள நிலங்களில் தண்ணீர் கட்டி நின்றபோது எங்கள் மைதானத்தில் மறுநாளே பயிற்சி நடந்தது. அது அவருடைய கைவேலை.

புல்லும் அப்படித்தான் வந்தது. விலைக்கு வாங்கும் புல்லைப் பற்றி விசாரித்துவிட்டுச் சோர்ந்து திரும்பினோம். வயலில் களையென்று பிடுங்கி எறிகிற அருகம்புல்லைவிட நல்ல புல் உண்டா என்று கேட்டார் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர். அவர் கேட்டது சரி. வெப்ப நாடுகளில் பல விளையாட்டரங்குகளில் இருப்பது அருகம்புல் இனமே. மிதிபட்டாலும் வேர்த்தண்டு விட்டுப் படரும், வறட்சி தாங்கும். வரப்புகளில் வெட்டிய அருகை மூட்டை மூட்டையாகக் கட்டிக் கொடுத்த விரகனூர், சிலைமான் விவசாயிகளே, நீங்கள் களையாகப் பார்த்ததில்தான் எங்கள் பிள்ளைகள் விழுந்து புரண்டு எழுகிறார்கள். அது வேர்பிடிக்கும்வரை தம் பம்ப்செட்டிலிருந்து தண்ணீர் விட்டவரும் அதே தோப்புக்காரர்தான்.

கோல் கம்பங்களை வெல்டிங் பட்டறைத் தம்பிகள் இரவு கடை அடைத்த பிறகு செய்து கொடுத்தார்கள். உள்ளளவு 7.32 மீட்டருக்கு 2.44 மீட்டர், இம்மி பிசகாமல். வலை, கரிமேட்டு மீன் வியாபாரி ஒருவர் வரவழைத்துக் கொடுத்த பழைய மீன்வலை. கோடு போட முதலில் சுண்ணாம்புதான் வாங்கினோம். வியர்வையில் பட்டுப் பையன்களின் தோல் எரிந்தது. கண்ணில் பட்டிருந்தால் இன்னும் மோசம். அதைக் கேள்விப்பட்டுத் தெருவில் கோலமாவு விற்கும் அக்கா, இனி கோடு போட மாவு என் பொறுப்பு என்றார். நடுவட்டத்தை 9.15 மீட்டர்க் கயிறு கட்டி அவரே சுற்றி வந்து இழுத்தார். அவ்வளவு சுத்தமான வட்டத்தை நான் எந்த மைதானத்திலும் பார்த்ததில்லை.

எங்கள் பெண்கள் அணிக்கு உதவியவர்களை எண்ணும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. 2018-இல் தமிழ்நாடு மகளிர் அணி தேசியப் பட்டம் வென்றது. அடுத்த ஆண்டே நம் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. அதன்பிறகு எங்களிடமும் பெண் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். ஆனால் உடைமாற்ற இடமில்லை, கழிப்பறை இல்லை. மைதானத்துக்கு அருகில் தனியாக வசிக்கும் பாட்டி ஒருவர் தம் வீட்டின் சாவியை அணித்தலைவியின் கையில் கொடுத்தார். வெளியூர் அணி வந்தாலும் அந்த வீடு திறந்திருக்கும். திண்டுக்கல்லிலிருந்து ஆட வந்த பிள்ளைகள் போகும்போது அவர் காலில் விழுந்து ஆசி வாங்கிப் போனார்கள். இருட்டுவதற்குள் பிள்ளைகளை வீட்டில் விடத் தம் ஷேர் ஆட்டோவை முறைவைத்து ஓட்டும் இரண்டு அண்ணன்மார், அரைக்கால் சட்டை போட்டு ஆட அனுப்புவதா என்று உறவினர் கேட்டபோது மகளின் பக்கம் நின்ற அப்பாக்கள், அம்மாக்கள், எல்லோரையும் வணங்குகிறேன். நீங்கள் அன்று தயங்கியிருந்தால் இன்று எங்களுக்கு அந்த அணியே இல்லை.

சுக்கு மல்லிக் காபி, அவித்த கொண்டைக்கடலை, வாழைப்பழம் என்று கொண்டுவந்து கொடுத்தவர்கள் பலர். கணுக்கால் சுளுக்கியவர்களிடம் கட்டணம் வாங்காத மருத்துவருக்கும், அதிகாலைப் பயிற்சிக்கு வந்து நின்ற உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் நன்றி.

நிலம் தந்த குடும்பம் கேட்டது இதுதான்: பொங்கல் மூன்று நாளும் அவர்களுடைய மாடுகள் அங்கே வந்து நிற்க வேண்டும். ஆகவே அந்த நாட்களில் ஆட்டமும் பயிற்சியும் கிடையாது. மாட்டுப் பொங்கலன்று மைதானத்தின் வடக்கு ஓரத்தில் பொங்கல் வைக்கிறார்கள். இந்த மடலில் இடம்பெற்ற அனைவரையும் குடும்பத்தோடு அழைக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலையிலேயே வந்துவிடுங்கள்.

நன்றியுடன்,
கழகச் செயலாளர்,
ஆட்டக்காரர்கள் அனைவர் சார்பாகவும்,
மதுரை