கால் மீட்டர் கழிவுப் பை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முந்திய ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், "குடல் கிருமிகள் வெளியேற்றும் 20 முதல் 250 மில்லிமீட்டர் வரையிலான கழிவுப் பைகள்" என்று ஒரு வரி படித்தேன். பேரனின் ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்தேன். பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல், போதவில்லை. இத்தனை பெரிய பை என் வயிற்றில் இருந்தால் எனக்கே தெரிந்திருக்காதா?

நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), அச்சில் மாறியிருக்கும். சரி, போகட்டும். 'கழிவு' என்றதைத்தான் விட முடியவில்லை. முப்பத்தோரு வருடம் அறிவியல் பாடம் எடுத்தவள் நான். நீங்கள் பை என்கிற அந்த நுண்குமிழ் பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்தே கிள்ளி எடுத்தாற்போல் பிரிவது. புரதமும், மரபுச் செய்தி தாங்கும் ஆர்.என்.ஏ. துணுக்குகளும் அதற்குள் போகின்றன. பாக்டீராய்ட்ஸ் ஃபிராஜிலிஸ் என்ற குடல்வாசி தன் கூட்டுச்சர்க்கரை ஒன்றை இப்படித்தான் கட்டி அனுப்புகிறது. நம் நோயெதிர்ப்புச் செல்கள் அதை வாங்கிக்கொண்டு, அழற்சியை அடக்கும் டி செல்களைத் தூண்டிவிடுகின்றன. 2012இல் சுண்டெலிகளுக்கு இந்தக் குமிழ்களைக் கொடுத்தார்கள், குடல் அழற்சியிலிருந்து தப்பின. அந்தச் சர்க்கரை இல்லாத குமிழ்களுக்குப் பலனில்லை. குப்பை கொட்டுகிறவன் இத்தனை பார்த்துக் கட்டிக் கொடுப்பானா?

"மேல்நாட்டினர் அண்மையில் கண்டறிந்த" என்று வேறு. 1967லேயே கல்கத்தாவின் சட்டர்ஜியும் தாஸும் காலரா பாக்டீரியா இப்படிக் குமிழ் விடுவதை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதியாயிற்று. தங்களுக்குத் தெரியாததா? குமிழ்களின் ஆர்.என்.ஏ. பற்றி நீங்கள் எழுதியது இன்னொரு கூத்து. நீங்கள் சொல்லும் 2016 ஆய்வு சூடோமோனாஸ் என்ற வேறொரு பாக்டீரியாவைப் பற்றியது. மூச்சுப்பாதைச் செல்களில் பார்த்ததைக் கொண்டுவந்து குடலில் ஒட்டிவிட்டீர்கள்.

கடைசி வரிதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. பழைய சோறு சாப்பிட்டால் இந்தப் பைகள் பெருகிக் குடல் புண் ஆறிவிடுமாம். (பழைய சோற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. சின்ன வெங்காயத்தோடு நானும் சாப்பிடுகிறவள்தான்.) பெருங்குடல் புண்ணுக்கு ஒன்பது வருடமாக மாத்திரை எடுக்கும் என் தம்பி அன்றே போன் செய்தான். "அக்கா, பேப்பர்லயே போட்டுட்டான், இனி மாத்திரை எதுக்கு?" திட்டினேன், கேட்கவில்லை. பத்தாம் நாள் விடிகாலை மறுபடி போன். ரத்தமாகப் போகிறது என்றான், குரலே எழும்பவில்லை. பக்கத்திலேயே அரைப்பக்கத்துக்கு புரோபயாட்டிக் பவுடர் விளம்பரம் போட்டிருந்தீர்கள். அதையும் வாங்கி வைத்திருக்கிறான்.

கொரோனா நேரத்தில், வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்று போட்டீர்கள். மறுத்து இரண்டு பக்கம் எழுதினேன். "தங்கள் மருத்துவப் பக்கத்தை விரும்பிப் படிக்கிறேன்" என்ற முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். மிக்க நன்றி.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், 'மில்லி'யை 'நானோ' என்று திருத்துங்கள். 'கழிவு' என்ற சொல்லை எடுங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். ராசிபலனுக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

இக்கடிதத்திலும் 'வணக்கம்' மட்டும்தான் அச்சேறும் என்றால், அதையும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
கும்பகோணம்