சான்றிதழைப் பார்க்காமல் கல்லூரி வைஃபையில் சேர வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபம், தொண்டி, கீழக்கரைப் பக்கம் கல்லூரியிலும் ஆய்வு நிலையத்திலும் புதிதாகச் சேரும் மாணவர்களிடம் ஒரு வாட்ஸ்அப் குறிப்பு சுற்றுகிறது: 'வைஃபை கிடைக்காவிட்டால், சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம் என்று கொடுத்துவிடு.' தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இங்கே சான்றிதழ் என்பது மதிப்பெண் சான்றிதழ் அல்ல, வைஃபையில் சேரும்போது கல்லூரி சர்வர் காட்டும் மின்னணு அடையாளம்.

வீட்டு வைஃபைக்கு எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். நிறுவனங்களின் 'எண்டர்பிரைஸ்' வைஃபை ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கேட்கும் சர்வர் (கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் கணினி) கல்லூரியுடையதுதானா என்பதற்கு அந்தச் சான்றிதழே சாட்சி. அதைப் பார்க்காத மடிக்கணினி, பேருந்து நிலையத்தில் யாராவது அதே பெயரில் வைஃபை திறந்து வைத்தாலும் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் 'எம்எஸ்சாப் வி2' என்ற முறையில் அப்படிப் பிடித்த பரிமாற்றத்தை உடைக்க முடியும் என்று 2012-லேயே செய்து காட்டிவிட்டார்கள். பலருக்கு மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல்தான்.

வைஃபை சேராவிட்டால் முதலில் மடிக்கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். விடுமுறை முழுக்கச் சார்ஜ் இல்லாமல் கிடந்த பழைய மடிக்கணினியில் தேதி பல ஆண்டு பின்னே போயிருக்கலாம். அந்தத் தேதிக்குச் சான்றிதழ் செல்லாது. கணினியோ காரணம் சொல்லாமல் 'இணைக்க முடியவில்லை' என்று மட்டும் காட்டும். நெட் இல்லாமல் நேரம் தானாகத் திருந்தாது. கையால் மாற்ற வேண்டும்.

அடுத்து, வீட்டில் யாரோ கையால் போட்ட 192.168 என்று தொடங்கும் ஐபி (வலையமைப்பில் கணினியின் முகவரி), 8.8.8.8 டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை), பழைய பிராக்ஸி (இணையத்துக்கு இடையில் நிற்கும் சர்வர்) எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 'தானியங்கி'க்கு மாற்றுங்கள். வெளி டிஎன்எஸ்ஸைத் தடுத்திருக்கும் வளாகத்தில் வைஃபை சேர்ந்தும் ஒரு பக்கமும் திறக்காது. ஐபி 169.254 என்று தொடங்கினால் டிஹெச்சிபி (ஐபியைத் தானாக வழங்கும் சேவை) முகவரி தரவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் எண்ணை) பதிவு செய்யும் இடமானால், அந்த வைஃபைக்கு மட்டும் அந்த எண்ணை மாற்றிக் காட்டும் 'ரேண்டம் ஹார்ட்வேர் முகவரி'யை அணைத்துவிடுங்கள். பழைய இணைப்பை 'ஃபர்கெட்' கொடுத்து அழித்த பிறகே புதிதாகச் சேருங்கள். இல்லையேல் பழைய கடவுச்சொல்லே திரும்பத் திரும்பப் போய்க் கணக்கு பூட்டிக்கொள்ளக்கூடும்.

லேன் கேபிள் போடுவோருக்கு நம் கரையில் இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. சாக்கெட்டில் உள்ள 8 ஊசிகளில் ஒன்றில் பச்சைக் களிம்பு ஏறினாலும் ஜிகாபிட் (1000 மெகாபிட்) வேகம் கிடைக்காமல் போகலாம். 1, 2, 3, 6 ஆகிய நான்கும் நன்றாக இருந்தால் 100 மெகாபிட்டில் ஓடக்கூடும். இவற்றில் ஒன்று கெட்டாலோ இணைப்பு விட்டுவிட்டு அறுந்துபோகும், அல்லது வராமலே போகும். செட்டிங்கைக் குடைவதற்கு முன் கணினியை அணைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்துப் பாருங்கள்.

நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள். சர்வரின் பெயர், சான்றிதழ் வழங்கியவரின் பெயர், பயனர் பெயரின் பின்னால் '@' போட்டு நிறுவனத்தின் பெயரைச் சேர்க்க வேண்டுமா, ஐபி தானாக வருமா என்ற நான்கையும் தமிழில் ஒரே தாளில் அடித்து, சேர்க்கை நாளிலேயே கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
கணினி வலையமைப்புப் பணியாளர்கள்,
தொண்டி.