அக்கா, நீ வருவதற்கு முன்

அன்புள்ள அக்கா,

ஆடிப் பண்டிகைக்குச் சேலம் வருகிறாய் என்றதுமே எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவின் மாந்துளிர் நிறப் பட்டுப்புடவையைக் கொண்டுவருவதாகவும், அதற்கு நம் பழைய கடையில்தான் ஜாக்கெட் துணி எடுக்கப் போகிறோம் என்று மகளிடம் சொல்லிவைத்திருப்பதாகவும் சொன்னாய். போனில் எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கடை இப்போது இல்லை அக்கா. அவளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் போய் நீ திகைத்து நிற்கக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

சின்னக்கடை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் அந்த நடை உனக்கு அப்படியே நினைவிருக்கும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தகரக்கூரை, பக்கத்துக்கு ஐந்தாறு கடைகள். வளையல்காரர், புடவைக்குக் குஞ்சம் கட்டுகிறவர், பேனாவுக்கு நிப்பு மாற்றித் தருகிற பெரியவர். கடைசியில் நம் கடை. சுவர் முழுக்க ரூபியா, பாப்ளின் என்று ஜாக்கெட்டுக்கான பருத்தித் துணிகள் நிறம் வாரியாக அடுக்கியிருக்கும். சிவப்பு மட்டுமே இருபது விதம் இருக்கும்.

அம்மா புடவையை நீட்டியதும் கடைக்காரர் துணியைத் தேடமாட்டார். முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகச் சந்து முனைக்கு நடப்பார், வெயில் விழும் இடத்துக்கு. பின்னாலேயே பையன் நான்கு துணிக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். "டியூப் லைட் பொய் சொல்லும் அம்மா, வெயில் சொல்லாது" என்பார். அது வெறும் வியாபாரப் பேச்சில்லை என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. இரண்டு துணிகளில் வேறு வேறு சாயம் ஏறியிருந்தால், ஒரு விளக்கொளியில் ஒன்றுபோல் தெரியும் நிறங்கள் பகல் வெளிச்சத்தில் பிரிந்துவிடும். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கமாட்டார்.

நிறம் சேர்ந்துவிட்டால் அளவு. ஜாக்கெட்டுக்கு 80 சென்டிமீட்டர் போதும். பருத்தி சுருங்கும் என்று அம்மா 90 கேட்பாள். ஓரத்தில் கத்திரியால் ஒரு சின்ன வெட்டு. பிறகு இரண்டு கைகளாலும் பிடித்து ஒரே இழுப்பு. அந்தச் சத்தத்துக்கு நீ காதைப் பொத்திக்கொள்வாய். கிழிந்த ஓரம் நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கும். நனைத்துக் காயவைத்த பிறகே தையல்காரரிடம் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் பொட்டலம் கட்டுவார்.

அந்தக் கடையை யாரும் விரட்டவில்லை. இப்போது பெரும்பாலான புடவைகள் ஜாக்கெட் துணியோடு சேர்ந்தே வருகின்றன. தைத்த ஜாக்கெட்டே கடையில் தொங்குகிறது. பொருத்தம் பார்த்துத் தருவதையே தொழிலாக வைத்திருந்தவருக்கு வேலை குறைந்துகொண்டே போயிற்று. ஒருநாள் போனபோது அங்கே செல்போன் உறைகள் தொங்கிக்கொண்டிருந்தன. வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பழைய பஸ் ஸ்டாண்டும் நீ பார்த்ததுபோல் இல்லை. இடித்துக் கட்டும்வரை பஸ்கள் போஸ் மைதானத்திலிருந்து போயின. 2023 ஜூனில் ஈரடுக்குப் பேருந்து நிலையமாகத் திறந்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்லமாட்டேன். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ இருந்த இடத்தில் அதன் நுழைவாயில் வளைவாவது நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் தொடங்கிய நிறுவனம், நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. போகிறவர்கள் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். துணிக்கடைக்காரருக்கு யார் வளைவு வைப்பார்கள்? அம்மாவின் பீரோவில் இருக்கும் ஒவ்வொரு ஜாக்கெட்டும் அவர் கண் தேர்ந்தெடுத்தது. எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

பொதுவில் எழுதியது இதற்காகத்தான். அந்தச் சந்தில் துணி எடுத்தவர்கள் யாராவது இதைப் படித்து அவர் குடும்பத்தை அறிந்திருந்தால், நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லட்டும்.

நீ புடவையைக் கட்டாயம் கொண்டு வா. பாப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு எடுப்போம். தட்டுவடை செட்டும் உண்டு, அவள் காரம் தாங்குவாளா என்று மட்டும் சொல். ஜாக்கெட் துணிக்கு முதல் அக்ரஹாரம் தெருப் பக்கம் போய்ப் பார்க்கலாம். காலை பதினொரு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். எந்தக் கடையாக இருந்தாலும் சரி, புடவையையும் துணியையும் தெருவுக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்துப் பார்க்காமல் கிழிக்க விடமாட்டேன். முந்தானையை அவள் பிடித்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உன் தம்பி