ஸ்டெல்லா ஏன் உள்ளே போகவில்லை?

அன்புள்ள அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி படம் முடிவதற்குள்ளேயே நீ ஒன்றும் பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாய். பால் காய்ச்சிக்கொண்டே அங்கிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "பெத்த பொண்ணு கல்யாணத்துக்கு அவ ஏன் மழையில தெருவுல நிக்கணும்? கதவைத் தட்டிட்டு உள்ள போகவேண்டியதுதானே?" உன் குரலில் கோபம் இருந்தது. அன்றைக்கு நான் சொன்னது சரியான பதில் இல்லை. ஒரு வாரமாக அந்தக் கேள்வியையே சுமந்துகொண்டு திரிகிறேன். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஸ்டெல்லா டாலஸ்', 1937-இல் வந்தது, கிங் விடோர் இயக்கியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மில் ஊர். மில் தொழிலாளி வீட்டுப் பெண் ஸ்டெல்லா. அதே மில்லில் அதிகாரியாக இருக்கும் ஸ்டீபன், நொடித்துப்போன பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. கல்யாணம் ஆகிறது, லாரல் பிறக்கிறாள், இருவருக்கும் ஒத்துப்போகாமல் பிரிகிறார்கள். மகள் வளர்ந்த பிறகு, தன்னோடு இருந்தால் அவளுக்கு நல்ல இடத்தில் வாழ்க்கை அமையாது என்று ஸ்டெல்லாவுக்குத் தெரிகிறது. விவாகரத்துக்குச் சம்மதித்து, ஸ்டீபனும் அவருடைய பழைய காதலி ஹெலனும் சேர வழிவிட்டு, மகளையும் அவர்களிடமே அனுப்பிவிடுகிறாள். லாரலின் கல்யாணத்தன்று வீட்டுக்கு வெளியே கம்பி வேலிக்குப் பின்னால் நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள்.

நீ வருவதற்குக் கொஞ்சம் தாமதமானதால் முதல் பத்து நிமிஷம் பார்க்கவில்லை. அதில்தான் பாதி பதில் இருக்கிறது. வேலை முடிந்து மில் ஆட்கள் வீடு திரும்பும் நேரம். ஸ்டெல்லா வாசல் வேலி ஓரத்தில் கையில் புத்தகத்தோடு நிற்கிறாள். அவள் அதைப் படிக்கவில்லை. ஸ்டீபன் அந்த வழியாகப் போகும்போது, படிக்கிற பெண்ணாக அவன் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறான். அப்புறம் எப்படியோ பழக்கமாகி, இருவரும் சினிமாவுக்குப் போகிறார்கள். திரையில் பணக்காரர்களின் காதல் கதை ஓடுகிறது. ஸ்டீபன் பக்கத்தில் இருப்பதையே மறந்து ஸ்டெல்லா அதில் மூழ்கிப்போகிறாள். திரும்பி நடக்கும்போது, படத்தில் வருகிறவர்களைப் போல நயமாக, நாகரிகமாக நடந்துகொள்ளக் கற்க வேண்டும் என்கிறாள். நீ இருக்கிறபடியே இரு என்கிறான் அவன். காதல் நாளில் சொல்கிற பேச்சு அது. கல்யாணம் ஆனதும், அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தப் பார்ப்பவனும் அவன்தான்.

ஸ்டெல்லா ஆசைப்பட்டது பணத்துக்கு என்று நினைத்துவிடாதே. அவள் ஸ்டீபனைப் பார்த்து நின்ற காலத்தில் அவனிடம் குடும்பச் சொத்து ஏதும் இல்லை. பேச்சு, நடை, எந்த இடத்தில் எவ்வளவு சிரிக்க வேண்டும், எத்தனை வளையல் போட்டால் போதும் என்கிற கணக்கு, இதெல்லாம்தான் அவனிடம் இருந்தது. பணம் என்றால் ஒருநாள் சம்பாதித்துவிடலாம். இந்தக் கணக்கு பிறந்த வீட்டில் தெரியாமலேயே கைவருவது. ஸ்டெல்லா கடைசிவரை போராடியது இதோடுதான். மகளோடு தங்கப் போன உல்லாச விடுதிக் காட்சியில் அவள் தன்னிடம் இருப்பதிலேயே நல்லவற்றைத்தான் அணிந்துகொண்டு வருகிறாள். மகளுக்குப் பெருமையாக இருக்கும் என்று நம்பித்தான் வருகிறாள். சுற்றியிருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சோடாக் கடையில் நண்பர்களோடு உட்கார்ந்திருக்கும் லாரல், எதிரே இருக்கும் கண்ணாடியில் அம்மா வருவதைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடுகிறாள்.

லாரலின் பிறந்தநாள் காட்சியைப் பார்த்துத்தான் நீ முதலில் கண்ணைத் துடைத்தாய். மேஜை அலங்கரித்து, ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு பெயர் அட்டை வைத்து அம்மாவும் மகளும் காத்திருக்கிறார்கள். வர முடியாது என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சீட்டு வருகிறது. கடைசியில் அந்த நீள மேஜையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. மரியாதையான வார்த்தைகளில் எழுதிய சீட்டுகள்தான்.

எனக்கோ ரயில் காட்சி. விடுதியிலிருந்து திரும்பும் இரவு ரயிலில் திரைபோட்ட படுக்கைகள். திரைக்கு அந்தப் பக்கம் சில பெண்கள் ஸ்டெல்லாவின் உடையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது அம்மாவுக்கும் கேட்கிறது, மகளுக்கும் கேட்கிறது. அம்மா கேட்டிருப்பாளோ என்று பயந்து லாரல் அவள் படுக்கைக்கு வருகிறாள். ஸ்டெல்லா கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடக்கிறாள். லாரல் அவளை ஒட்டிப் படுத்துக்கொள்கிறாள். ஒருவருக்காக ஒருவர் நடிக்கிறார்கள். ஸ்டெல்லாவாக நடித்த பார்பரா ஸ்டான்விக்கின் முகத்தை அந்த இடத்தில் மறுபடி போட்டுப் பார். மூடிய கண்களை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இயற்பெயர் ரூபி ஸ்டீவன்ஸ், 1907-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். நான்கு வயதில் தாய் டிராம் விபத்தில் இறந்துபோனார். தந்தை பனாமா கால்வாய் வேலைக்கென்று கிளம்பிப் போய்விட்டார். அக்காவின் கவனிப்பிலும் வளர்ப்பு வீடுகளிலுமாக மாறி மாறி வளர்ந்து, நடனக் குழுவில் ஆடி, சினிமாவுக்கு வந்தவர். பிறந்தநாள் மேஜையில் யாரும் வராமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினும் வார்சாவிலிருந்து ஏழைப் பையனாக வந்து, கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து மேலே வந்தவர்தான். இதே கதையை 1925-இல் மௌனப் படமாக ஒருமுறை எடுத்தார், பன்னிரண்டு வருஷம் கழித்து மறுபடி எடுத்தார்.

இந்த மாதிரி கதை இதற்கு முன்பே நிறைய வந்திருக்கிறது. கிரிஃபித் 1920-இல் எடுத்த 'வே டவுன் ஈஸ்ட்' படத்தில், கிராமத்து ஏழைப் பெண்ணைப் பணக்கார வாலிபன் ஒருவன் பொய்க் கல்யாணம் செய்து ஏமாற்றிவிட்டுப் போய்விடுவான். பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் அந்தப் பெண்ணாக நடித்த லிலியன் கிஷ் மயங்கிக் கிடக்கும் காட்சிக்காக இன்றும் அதைப் பேசுகிறார்கள். அந்தக் காலத்துப் படங்களில் மேலிடத்து ஆண் என்றாலே ஆபத்து. பத்து வருஷத்துக்குள் அது மாறிப்போனது. மேலிடத்து ஆண் ஆபத்தானவன் இல்லை, நல்லவன்தான். அப்படியும் அவனை அடைய முடியாது என்றானது.

உனக்குப் பிடிக்கும் என்று நான் நினைப்பது 'மை பெஸ்ட் கேர்ள்'. 1927, நடிகை மேரி பிக்ஃபோர்டின் கடைசி மௌனப் படம். மலிவு விலைக் கடையில் சரக்கு எடுத்துவைக்கிற பெண், முதலாளியின் மகன் என்று தெரியாமலேயே உடன் வேலைபார்க்கும் ஒருவனைக் காதலிக்கிறாள். சரக்கு அறையில் ஒரு காலிப் பெட்டிக்குள் இருவரும் ஒட்டி உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவார்கள். அதைப் பார்த்தபோது உன் ஜவுளிக்கடை நாட்கள்தான் ஞாபகம் வந்தன. பட்டுப்புடவையைத் தோளில் போட்டு வந்தவர்களுக்குக் காட்டுவாய். "கண்ணாடியில பாத்தா எனக்கே நல்லாத்தான் இருக்கும்"னு ஒருநாள் சொல்லிவிட்டு, அதை மடித்து வைப்பதுபோலக் காற்றில் கையை மடக்கிக் காட்டினாய். நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கை அசைவை இன்னும் மறக்கவில்லை.

அந்தப் படத்தின் முடிவுக்குப் பக்கத்தில் ஒரு காட்சி. அவன் வாழ்க்கை தன்னால் கெட்டுவிடக்கூடாது என்று நினைக்கிற அந்தப் பெண், உதட்டுச் சாயத்தை அப்பிக்கொண்டு, தான் காசுக்காகப் பழகிய மோசமான பெண் என்று நடிக்கிறாள். நடிக்க முடியாமல் அழுகை பீறிட்டு வருகிறது. சரியாகப் பத்து வருஷம் கழித்து ஸ்டெல்லாவும் இதையேதான் செய்கிறாள். அம்மா தனக்காகத்தான் விலகினாள் என்று தெரிந்து லாரல் ஓடி வந்ததும், ஜாஸ் இசைத்தட்டைப் போட்டுவிட்டு, சிகரெட் புகைத்துக்கொண்டு, பிள்ளை குட்டித் தொல்லை இல்லாமல் இனி ஜாலியாக இருக்கப்போகிறேன் என்கிறாள். இரண்டு பேரும் தியாகத்துக்குப் போட்டுக்கொண்ட வேஷம் ஒன்றுதான். இத்தனை நாளும் மேலிடத்தார் தங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ, அதையே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். 'பார், நீங்கள் சொன்னது சரி, நான் அப்படிப்பட்டவள்தான்' என்று பொய் சொல்வதைத் தவிர அவர்களிடம் கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லை. எனக்கு இந்தப் படங்களிலேயே தாங்கமுடியாத இடம் அதுதான், அக்கா.

உன் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. ஸ்டெல்லா கதவைத் தட்டினால் லாரல் என்ன செய்வாள்? ஓடி வந்து கட்டிக்கொள்வாள். ஏற்கெனவே ஒருமுறை பெரிய வீட்டை விட்டுவிட்டு அம்மாவே போதும் என்று வந்தவள்தானே. உள்ளே போனால் சொன்ன பொய் உடைந்துவிடும், மகள் திரும்பி வந்துவிடுவாள். அதனால்தான் போகவில்லை. வெட்கப்பட்டோ பயந்தோ அவள் வெளியே நிற்கவில்லை.

ஆனால் உன் கோபத்தை நான் மறுக்க வரவில்லை. இத்தனைக்கும் ஸ்டீபன் என்ன விட்டுக்கொடுத்தான்? ஒன்றும் இல்லை. அவனுக்குப் பழைய காதலி கிடைத்தாள், மகள் கிடைத்தாள், வீடு கிடைத்தது. வர்க்கம் தாண்டிய காதலுக்கு விலை கொடுத்தது முழுக்க ஒருத்திதான். ஹெலன் அதைப் புரிந்துகொண்டாள். கல்யாணத்தன்று ஜன்னல் திரைகளைத் திறந்து வைக்கச் சொன்னது அவள்தான். ஸ்டெல்லா எங்கோ வெளியே வந்து நிற்பாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு பெண்ணுக்காக இன்னொரு பெண் திறந்துவைத்த ஜன்னல் அது. அந்த வீட்டு ஆண்களுக்கு அது தோன்றவில்லை.

இந்த ஜன்னலைப் பற்றிப் பேசினால் இன்னொரு படத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 'பொசஸ்ட்', 1931, ஜோன் கிராஃபோர்டு நடித்தது. இவரும் வறுமை பார்த்தவர். அம்மா சலவைக்கடையில் வேலை செய்தார், இவர் பள்ளியில் வேலை செய்துகொண்டே படித்தார். படத்தில் காகிதப் பெட்டித் தொழிற்சாலைப் பெண். ஒரு சாயங்காலம் தண்டவாளத்துப் பக்கம் நிற்கிறாள். எதிரே ஒரு ரயில் மெதுவாக ஊர்கிறது. ஒவ்வொரு ஜன்னலும் அவள் முன்னால் ஒவ்வொன்றாக நகர்கிறது. ஒன்றில் சமையல் நடக்கிறது. ஒன்றில் வேலைக்காரி துணிக்கு இஸ்திரி போடுகிறாள். இன்னொன்றில் ஒரு பெண் அலங்காரம் செய்துகொள்கிறாள். வேறொன்றில் ஒரு ஜோடி ஆடுகிறது. அவள் அசையாமல் நிற்கிறாள். கடைசிப் பெட்டியில் குடித்துக்கொண்டு நிற்கும் ஒருவன், வெளியிலிருந்து உள்ளே பார்ப்பது தப்பு, உள்ளே ஏறி வெளியே பார்க்க வேண்டும் என்கிறான். அவள் அதைக் கேட்டு நியூயார்க்குக்கே கிளம்பிவிடுகிறாள், கிளார்க் கேபிள் நடித்த பணக்கார வக்கீலோடு கல்யாணம் இல்லாமல் வருஷக்கணக்கில் வாழ்கிறாள், அதற்காகப் படம் அவளைச் சாகடிக்கவும் இல்லை. 1934-இல் தணிக்கை விதிகளைக் கறாராக அமல்படுத்தத் தொடங்கிய பிறகு இப்படி ஒரு முடிவை ஹாலிவுட்டில் எடுத்திருக்க முடியாது.

அந்த ரயில் சினிமாத் திரை போலவே இருக்கிறது, கவனித்தாயா? இருட்டில் ஒருத்தி நிற்கிறாள், வெளிச்சமான சதுரங்கள் வரிசையாகக் கடந்து போகின்றன. அந்தப் படங்களைப் பார்க்க வந்த கடைப்பெண்களும் தொழிற்சாலைப் பெண்களும் அப்படித்தானே இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்டெல்லாவின் முகத்துக்கு வருகிறேன். மழை கொட்டுகிறது. போலீஸ்காரர் கூட்டத்தைக் கலைந்துபோகச் சொல்கிறார். மாப்பிள்ளை முத்தம் கொடுக்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சுகிறாள். பார்க்கிறாள். வாயில் கைக்குட்டையைக் கடித்திருக்கிறாள். பிறகு திரும்பி நம்மை நோக்கி நடந்து வருகிறாள், கண்ணீரோடு சிரித்தபடி, வேகமாக. நீ பாதியில் எழுந்துவிட்டதால் அந்த நடையை முழுசாகப் பார்த்திருக்கமாட்டாய். அது தோற்றவளின் நடையாக எனக்குத் தெரியவில்லை. உனக்கு வேறு மாதிரி தோன்றலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வா. 'பொசஸ்ட்' போடுகிறேன். இந்தமுறை நான் பால் காய்ச்சி வைக்கிறேன், ரயில் முழுசாகக் கடந்து போகும்வரை நீ எழுந்திருக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
உன் தம்பி