கிளுவை வேலிக்கும் மானியம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களைக் காத்துவந்த முள்கிளுவை வேலிகளைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கிறார்கள். வேலியில் சந்து விழுந்துவிட்டது, போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நட்டாலும் பிடிப்பதில்லை என்று காரணம் சொல்கிறார்கள். பிடிக்காததற்கு மரம் பொறுப்பல்ல. பிசகு நடுகிற முறையில் இருக்கிறது.

சோமாலியா, எத்தியோப்பியா, ஏமன் வறட்டு நிலங்களில் வெள்ளைப்போளம் என்னும் வாசனைப் பிசினைத் தரும் மரமும் நம் கிளுவையும் ஒரே பேரினம். வறண்ட காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தாக்குப்பிடிப்பது இரண்டுக்கும் குணம். வறட்சியைத் தாங்கும், தேங்கிய ஈரத்தைத் தாங்காது.

போத்தைக் கோடையில், துளிர் கிளம்பும் முன் வெட்ட வேண்டும். கட்டைவிரல் பருமனுக்குக் குறைந்தால் காய்ந்துவிடும்; மணிக்கட்டுப் பருமன் வரை இருக்கலாம். நீளம் 4 முதல் 5 அடி. கூரான அருவாளால் ஒரே வெட்டில் சாய்வாக வெட்டுங்கள். பட்டை கிழிந்தால் அழுகல் அங்கேதான் தொடங்கும். வெட்டியதை அன்றே நடக் கூடாது. வெட்டுவாயில் பால் உலர்ந்து காயம் மூடும்வரை, ஒரு வாரம்போல நிழலில் சாத்தி வைக்க வேண்டும். அடி எது, நுனி எது என்பது மாறிவிடாதபடி அடுக்குவது முக்கியம்.

மழை ஈரத்தில் கடப்பாரையால் குழி போட்டு, ஒன்றரை அடி ஆழத்தில், சாண் இடைவெளிக்கு ஒன்றாக நட்டு மண்ணை நன்றாகக் கெட்டிக்க வேண்டும். குழி போடாமல் போத்தையே மண்ணில் குத்தினால் அடிப்பட்டை உரிந்துவிடும். அதன்பின் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இனிமேல்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தண்டில் இருக்கும் சத்தை வைத்தே துளிர் வந்துவிடும். வேர் அதற்குப் பிறகுதான் இறங்கும். பச்சையைப் பார்த்துப் பிடித்துவிட்டது என்று ஆட்டை விட்டால், ஆடு துளிரைக் கடித்து இழுக்கும் இழுப்பில் போத்து ஆடி, இளவேர் அறுந்துபோகும். ஓராண்டாவது ஆடு அண்டக் கூடாது. பிடித்திருக்கிறதா என்று அசைத்துப் பார்ப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும்.

பழைய வேலியின் சந்தில் ஒற்றைப் போத்து நட்டால் பெரும்பாலும் வீண். இருபுறத்து மரமும் வெயிலை மறைக்கும், ஈரத்தையும் உறிஞ்சிவிடும். முதலில் அவற்றின் கிளைகளைக் கழித்துவிட்டுப் பருமனான போத்தாக நடலாம். அதைவிட நல்லது, பக்கத்து மரத்தின் தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணில் பதித்துவிடுவது. தாய்மரம் ஊட்டிக்கொண்டே இருக்கும்போதே வேர் விட்டுக்கொள்ளும். வேலியை 5 அடிக்கு மேல் ஓங்கவிட்டால் அடி வெறுமையாகி ஆடு நுழையும். சில ஆண்டுக்கு ஒருமுறை கழித்தால் அடியிலிருந்து கிளைக்கும், கழித்த தழை ஆட்டுக்குத் தீனியுமாகும். உள்ளே முளைக்கும் சீமைக்கருவேலைச் சின்னதிலேயே வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.

சூரிய மின்வேலிக்கு அரசு மானியம் தருகிறது. போத்து வெட்டி நடும் கூலிக்கும், பழைய வேலியைச் சந்து அடைத்துப் புதுப்பிக்கும் கூலிக்கும் அதே திட்டத்தில் இடம் தர வேண்டும். நடும் பருவத்துக்கு முன்பே அறிவித்தால்தான் போத்து சேர்க்க முடியும்.

– கொறங்காட்டு விவசாயிகள், மூலனூர்