நடை சரியானதும் களம் இறங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கபடியில் முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் இளைஞர்கள் பலர், நடை சீரானதும் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். மாசியில் அறுவை முடிந்தவர் ஆடித் திருவிழாப் போட்டியிலேயே இறங்கிவிடுகிறார். புது ஜவ்வு மறுபடி அறுவது இப்படித்தான்.

பெரும்பாலும் தொடையின் பின்புறத் தசைநாணை எடுத்துத்தான் ஜவ்வாகப் பொருத்துகிறார்கள். முதலில் அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் நலிந்து, புதிய ரத்தக் குழாய்கள் வளர்ந்த பிறகே மெல்ல ஜவ்வாக மாறும். ஏறக்குறைய 6 முதல் 12 வாரம் வரை அது மிகவும் பலவீனமாக இருக்கும். வலி குறைந்து தைரியம் வருவதும் அதே வாரங்களில்தான்.

முதல் இரண்டு வாரத்தில் கால் முழுதாக நீள வேண்டும். இதமாக இருக்கிறதென்று முட்டிக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது. முட்டி மடங்கியபடியே இறுகி, நொண்டல் தங்கிவிடும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, 5 முதல் 10 நிமிடம், நாளுக்குப் பலமுறை காலை நீட்டுங்கள். தொடையை இறுக்கி முட்டியைக் கீழே அழுத்தி 5 விநாடி நிறுத்துங்கள். இப்படி 10 தடவை. காலை நேராகத் தூக்கும்போது முட்டி தொய்ந்தால் ஊன்றுகோலை இன்னும் விடக் கூடாது. ஒற்றைக் கோலுக்கு மாறும்போது அதை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடியுங்கள். பலரும் மாற்றிப் பிடிக்கிறார்கள். மருத்துவர் சொல்லும்வரை சம்மணமும் குத்தவைப்பதும் வேண்டாம்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் எண்ணெய் தடவி உருவாதீர்கள். உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பிந்தைய மாதங்களில் முட்டியே கணக்குச் சொல்லும். இன்று செய்த பயிற்சிக்கு நாளைக் காலை வீக்கம் வந்தால் சுமை அதிகம், குறையுங்கள். களம் திரும்ப 9 மாதமாவது வேண்டும். மாதக் கணக்கு மட்டும் போதாது. அறுவை செய்த காலின் தொடை வலுவும், அந்த ஒற்றைக் காலில் தாவும் தூரமும் நல்ல காலில் உள்ளதில் 90 சதவீதமாவது இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். பாடிப் போகிறவர் திடீரெனத் திரும்பும்போதும், காலைப் பிடித்து மடக்கும்போதும் விழும் திருகலை நடைப்பயிற்சி சோதிப்பதே இல்லை.

போட்டி நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். எடை பார்க்கும் இடத்திலேயே முட்டியில் தழும்பு உள்ளவரிடம் அறுவைத் தேதியைக் கேளுங்கள். 9 மாதம் ஆகாதவரை, எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும், சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்கள் இருவர்,
திண்டுக்கல்.