குறியீடு வந்ததும் சென்சாரை மாற்றிவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வாகனப் பராமரிப்பு குறித்து வெளிவரும் கேள்வி-பதில் பகுதியைத் தவறாமல் வாசித்து வருகிறேன். சென்ற வாரம் வாசகர் ஒருவர், தம்முடைய பெட்ரோல் காரில் எஞ்சின் விளக்கு எரிவதாகவும், ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் பி0113 என்ற பிழைக் குறியீடு வந்ததாகவும் எழுதியிருந்தார். "இன்டேக் ஏர் டெம்பரேச்சர் சென்சார் பழுது, புதிதாக மாற்றிவிடுங்கள்" என்று ஒரே வரியில் அதற்குப் பதில் தரப்பட்டிருந்தது. தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மோட்டார் வாகனப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் பயிற்றுவித்தவன் என்ற முறையில், அந்த ஒரு வரி பல வாசகர்களின் பணத்தைக் கரைத்துவிடக் கூடும் என்று அஞ்சுகிறேன். கேள்வி கேட்ட வாசகர் இன்னும் பட்டறைக்குப் போகாமல் இருந்தால், இக்கடிதம் அவருக்கு முன்னதாகவே கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எஞ்சினுக்குள் போகும் காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு, அதாவது மெக்கானிக்குகள் இ.சி.எம். என்று அழைக்கும் பெட்டிக்கு, இந்தச் சென்சார்தான் தெரிவிக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. சூடேறிய காற்று அடர்த்தி குறைந்தது. 25 டிகிரி செல்சியஸ் காற்றோடு ஒப்பிட்டால், 45 டிகிரியில் அதே கொள்ளளவில் அடங்கும் காற்றின் எடை ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. அதற்கேற்பப் பெட்ரோலையும் குறைக்க வேண்டும், தீப்பொறி விழும் நேரத்தையும் சற்றே மாற்ற வேண்டும். சென்சாரின் உள்ளே இருப்பது, சூடு ஏற ஏற மின்தடை குறைகிற ஒரு சிறு தெர்மிஸ்டர் மணி, அவ்வளவுதான். இ.சி.எம். தன்னிடமிருந்து 5 வோல்ட் மின்னழுத்தத்தை உள்ளிருக்கும் ஒரு மின்தடை வழியாக இதற்கு அனுப்பி, அதில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து வெப்பநிலையைக் கணக்கிட்டுக்கொள்கிறது. நகரும் பாகம் எதுவும் இல்லாத இந்தச் சின்னஞ்சிறு பொருள் எளிதில் கெடுவதில்லை என்பதை, பயிற்சி நிலையத்தில் மாணவர்கள் தட்டியும் தவறவிட்டும் கையாண்ட சென்சார்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்ததைக் கொண்டே சொல்வேன்.

இப்போது பி0113 என்பதற்கு வருகிறேன். இக்குறியீட்டின் விளக்கத்தில் 'ஹை இன்புட்' என்று ஸ்கேனரின் திரையில் வரும். அதைப் பார்த்துவிட்டு, காற்று மிகவும் சூடாக இருப்பதாகப் பொருள் கொள்கிறவர்களை நானே சந்தித்திருக்கிறேன். உண்மையில் அங்கே உயர்ந்திருப்பது மின்னழுத்தம். 5 வோல்ட் இறங்காமல் அப்படியே நிற்கிறது என்றால், மின்சாரம் பாய வழியில்லை என்று பொருள். இ.சி.எம். அதைக் கடுங்குளிர் என்று படித்து, மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் நிற்கும் காருக்குள் மைனஸ் 40 என்று திரை சொன்னால், சிரித்துவிட்டு ஒயரைத் தேட வேண்டுமே தவிர, உதிரிபாகக் கடைக்கு ஓடக் கூடாது. பி0112 இதற்கு நேர்மாறானது; மின்னழுத்தம் அடியோடு இறங்கி, 120 டிகிரிக்கும் மேலே காட்டும். பி0114 விட்டு விட்டு வரும் கோளாறு. இவற்றுள் எந்தக் குறியீடும் 'சென்சார் கெட்டுவிட்டது' என்று சொல்வதில்லை. சென்சார், அதை ஒயர்களோடு இணைக்கும் செருகியான கப்ளர், ஒயர்கள், இ.சி.எம். ஆகிய நான்கும் சேர்ந்த சுற்றில் எங்கோ குறை இருக்கிறது என்று மட்டுமே அவை சொல்கின்றன.

சோதிக்க வேண்டிய முறையில் முதல் படிக்கு ஸ்பேனர்கூடத் தேவையில்லை. இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் 'ஆன்' நிலைக்குத் திருப்பி, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு முனைச் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, நேரடி அளவுகளைப் பார்க்க வேண்டும். உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பநிலை, வெளியே சுவரில் தொங்கும் வெப்பமானி ஆகிய மூன்றும் அந்நேரத்தில் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஐந்து டிகிரிக்குள் முன்பின் இருந்தால் கவலையில்லை. காற்றின் அளவு மட்டும் தனித்து விலகி நின்றால் அந்தச் சுற்றைச் சோதிக்கலாம். டேஷ்போர்டில் தெரியும் வெளிவெப்பநிலையை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பெரும்பாலும் முன்பம்பருக்கு அருகே இருக்கும் வேறொரு சென்சார் தரும் எண். இன்னொன்று, குறியீடு பதிவானதும் பல கார்களில் இ.சி.எம். சென்சாரின் சொல்லை ஒதுக்கிவிட்டுத் தானாக ஒரு தோராய மதிப்பை எடுத்துக்கொள்ளும். சில கார்களில் ஸ்கேனரிலும் அந்த மாற்று எண்ணே வரும். ஆகவே குறியீட்டை எழுதி வைத்துக்கொண்டு, அதை அழித்த பிறகு அளவுகளைப் பார்ப்பது நல்லது.

நல்ல சென்சாரைப் பழுது என்று சொல்லிவிடும் இன்னொரு தவறும் உண்டு. கோடையில் போக்குவரத்து நெரிசலில் பத்து நிமிடம் நின்றால், பானெட்டுக்குள் தேங்கும் சூட்டால் காற்றின் வெப்பநிலை 55, 60 டிகிரி வரை ஏறுவது இயல்பே. புறவழிச்சாலையில் சீரான வேகத்தில் சில நிமிடம் ஓட்டியதும் அது இறங்கி, வெளிக்காற்றை விடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாக நிலைத்துவிடும். அப்படி ஏறி இறங்குகிற சென்சார் ஒழுங்காக வேலை செய்கிறது. ஓடினாலும் நின்றாலும் ஒரே எண்ணில் அசையாமல் நிற்கிற சென்சாரைத்தான் சந்தேகிக்க வேண்டும். விளக்கு எரியாமலே பெட்ரோலைக் குடிக்க வைப்பதும் இந்த வகைதான், இ.சி.எம்.முக்கு அது நம்பத்தகுந்த எண்ணாகவே தெரிவதால் குறியீடு வராமலே போகலாம்.

என் தங்கை மகனின் காரில் நடந்ததைச் சொன்னால் மீதி விளங்கும். அவன் தூத்துக்குடியில் கடற்கரைக்கு மிக அருகில் குடியிருக்கிறான். ஒன்பது வயதான சிறிய பெட்ரோல் கார். காலையில் கிளப்பியதும் எஞ்சின் உதறும், புகைக்குழாயில் பெட்ரோல் வாடை அடிக்கும், விளக்கு இரண்டு நாள் எரியும், பிறகு தானே அணையும். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் தந்த வண்டி 15-க்கு வந்துவிட்டது. ஒரு பணிமனையில் பி0113 என்று பார்த்த உடனேயே சென்சாரை மாற்றி, கூலியோடு 3,400 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். நான்காம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. அடுத்து இ.சி.எம். போயிருக்கலாம் என்றும், அதற்கு இருபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றும் சொன்னதும்தான், "மாமா, ஒரு தடவை நீங்க பாருங்க" என்று வண்டியைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டு வந்தான்.

அந்தக் காரில் காற்றின் வெப்பநிலையையும், அக்காற்றை எஞ்சினுக்குள் கொண்டு செல்லும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் ஒரே சென்சார் அளக்கிறது. கப்ளரில் நான்கு ஒயர்கள். ஒன்று 5 வோல்ட் வழங்கல், ஒன்று எர்த், ஒன்று அழுத்தத்தின் சிக்னல், மற்றொன்று வெப்பநிலையின் சிக்னல். பானெட்டைத் திறக்கும் முன்பே ஸ்கேனரைப் பார்த்தபடி ஒன்றை முடிவு செய்ய முடிந்தது. அழுத்தத்தின் அளவு சரியாக இருந்தது. எர்த் போயிருந்தால் அழுத்தத்தின் எண்ணும் தாறுமாறாகியிருக்கும். வழங்கல் போயிருந்தாலும் அப்படியே. ஆக, மிஞ்சியது வெப்பநிலையின் சிக்னல் ஒயரும், அதன் முனையும், உள்ளே இருக்கும் தெர்மிஸ்டரும், கடைசியாக இ.சி.எம்.மும். தெர்மிஸ்டர் நான்கு நாளுக்கு முன்தான் புதிதாக வந்திருக்கிறது.

கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, வெப்பநிலையின் சிக்னல் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே, மின்னழுத்தத்தையும் மின்தடையையும் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் முதலில் எதுவும் இல்லை. ஒயரை லேசாக அசைத்ததும் 4.9 வந்தது, கையை எடுத்ததும் போய்விட்டது. பிறகு நான்கு ஒயர்களையும் ஒவ்வொன்றாக இரு விரல்களால் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தேன். மூன்று ஒயர்கள் கம்பியாக விறைத்து நின்றன. நான்காவது, கப்ளரிலிருந்து ஓர் அங்குலத் தொலைவில், ரப்பரைப் போல நீண்டு கொடுத்தது. உறை முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பு அறுந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. உறையைக் கீறியபோது செம்பு இழைகள் கருத்து, பச்சைத் தூளாக உதிர்ந்தன. உப்புக் காற்றும், பக்கத்தில் உள்ள ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கும் போதெல்லாம் அந்த ஒயர் வளைந்து வந்ததும் சேர்ந்து செய்த வேலை. அரித்த பகுதியை வெட்டியெறிந்து, அதே கனத்தில் புது ஒயரைச் சேர்த்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவைப் போட்டு மூடினேன். பொருள் செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை.

இரண்டு ஒயர் மட்டுமே உள்ள தனிச் சென்சாராக இருந்தால் வேலை இன்னும் எளிது. மைனஸ் 40 காட்டும் காரில் கப்ளரைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால், திரையில் எண் உச்சத்துக்குத் தாவ வேண்டும். தாவினால் ஒயரும் இ.சி.எம்.மும் நலம், சென்சாரையோ அது கப்ளரில் பொருந்தும் முனைகளையோ பார்க்கலாம். தாவாவிட்டால் சென்சாரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. உச்சம் காட்டும் காரில் கப்ளரைக் கழற்றிய மாத்திரத்தில் மைனஸ் 40-க்கு வந்தால் குறை சென்சாரில்; வராவிட்டால் சிக்னல் ஒயர் எங்கோ பாடியில் உரசிக்கொண்டிருக்கிறது, அல்லது எலி தன் பங்குக்கு எதையோ கடித்து வைத்திருக்கிறது. நான்கு ஒயர் கப்ளரில் மட்டும், எது எந்த முனை என்று ஒயரிங் வரைபடத்தில் உறுதி செய்யாமல் இப்படி இணைக்கவே கூடாது. 5 வோல்ட் வழங்கலைத் தவறுதலாக எர்த்தோடு சேர்த்துவிட்டால், இல்லாத கோளாறை நாமே வரவழைத்தவர்கள் ஆவோம். ஒயரின் உறையை ஊசியால் குத்தி அளக்கும் பழக்கமும் வேண்டாம். கடலோர ஊர்களில் அந்தத் துளை ஒன்றே அரிப்புக்குப் போதும்.

இந்த வரைபடங்கள் சிறிய பட்டறைகளின் கைக்கு எளிதில் வருவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணைய வாயிலைத் தொடங்கியபோது இந்தக் குறை தீரும் என்று எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருவன். தெருமுனைப் பட்டறையில் அதன் பலனை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் மல்டிமீட்டரை எடுத்து 5 வோல்ட்டைப் பார்க்க வரைபடம் இல்லை என்பது ஒரு சாக்காக முடியாது. வாசகர்கள் பட்டறையில் கேட்க வேண்டியதும் அதுதான்: கப்ளரில் எத்தனை வோல்ட் வந்தது, சென்சாரின் மின்தடை எத்தனை ஓம், அப்போது வெப்பநிலை என்ன? இந்த மூன்று எண்களையும் பில்லின் ஓரத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருகிறவர் சோதித்திருக்கிறார். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படி வாங்கியதால்தான் ஒன்றைச் சரிபார்க்க முடிந்தது. என் தங்கை மகனின் காரிலிருந்து கழற்றப்பட்ட பழைய சென்சார், புதியது வந்த அட்டைப்பெட்டியிலேயே டேஷ்போர்டு அறைக்குள் கிடந்தது. பல கார்களில் வரும் இவ்வகைச் சென்சார் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 40 டிகிரியில் சுமார் 1,200 ஓம், 80 டிகிரியில் 300 ஓமுக்குச் சற்று மேல் காட்டும். புதியதையும் கழற்றி, இரண்டையும் மேசைமேல் அருகருகே ஒரு மணி நேரம் வைத்துவிட்டு அளந்தேன். அறையின் வெப்பம் 31 டிகிரி. பழையது 1,660 ஓம், புதியது 1,640. தலைமுடி உலர்த்தும் கருவியால் பழையதைச் சூடாக்கியபோது, எங்கும் தடுக்காமல், எங்கும் தாவாமல் சீராக இறங்கி, ஆறியதும் 1,660-க்கே திரும்பி வந்தது. வண்டியில் அதையே மாட்டி அனுப்பினேன். ஐந்து மாதமாக விளக்கு எரியவில்லை. 3,400 ரூபாய்ச் சென்சார் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்,
மோட்டார் வாகனப் பிரிவு,
பாளையங்கோட்டை.